ப்ரோபயாடிக்கால் தோல் அழற்சி அடங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்சிமா, சொரியாசிஸ் போல வருடக்கணக்கில் வருவதும் போவதுமாக இருக்கும் தோல் நோய்களுக்கு 'நல்ல பாக்டீரியா' மருந்தாகுமா என்று கேட்காத நோயாளி இன்று குறைவு. கேப்ஸ்யூல், கிரீம், ஸ்ப்ரே என்று விளம்பரங்கள் குவிகின்றன. அவற்றுக்கு நடுவே உண்மையான ஆய்வுகளும் இருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாக்டீரியா உண்டாக்கும் பொருளிலிருந்து ஒரு நல்ல மருந்து வந்துவிட்டது. பாக்டீரியாவையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சி இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

இது தொற்று நோய் இல்லையே, பாக்டீரியாவுக்கு இங்கே என்ன வேலை?

தொற்று நோய் இல்லை, சரிதான். தொட்டால் ஒட்டாது. ஆனாலும் எக்சிமாவில், குறிப்பாக அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற வகையில், பாக்டீரியாவுக்கு நிறையவே வேலை இருக்கிறது.

பலருக்குப் பிரச்சினை தோலின் மேலடுக்கில் ஆரம்பிக்கிறது. அந்த அடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வரும் வாய்ப்பு கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. ஈரம் வெளியேறும், வெளியிலிருப்பது உள்ளே நுழையும். இப்படிப் பலவீனமான தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வசதியாகக் குடியேறுகிறது. எக்சிமா இருப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேரின் தடிப்புகளில் அது இருக்கிறது என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு. அது சும்மா இருப்பதும் இல்லை. அது விடும் டெல்டா நச்சு, தோலில் உள்ள மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது என்று 2013இல் எலிகளில் காட்டினார்கள். மாஸ்ட் செல்கள்தான் ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் கொட்டுபவை.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெய்டி காங், ஜூலியா செக்ரே குழுவினர் எக்சிமா உள்ள குழந்தைகளின் தோலைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் கிளம்பும்போது ஆரியஸ் பெருகுகிறது, மற்ற பாக்டீரியாக்களின் வகைகள் சுருங்குகின்றன. சிகிச்சைக்குப் பிறகு வகைகள் திரும்பக் கூடுகின்றன. 2012இல் வந்த இந்த முடிவுதான் 'நல்ல பாக்டீரியாவைத் திருப்பி வைத்தால் என்ன?' என்ற கேள்விக்கு உரம் போட்டது.

ஆனால் எது முதலில் என்பது அவ்வளவு லேசான கேள்வி இல்லை. டுபிலுமாப் என்ற ஊசி மருந்து 2017 முதல் எக்சிமாவுக்குப் பயன்படுகிறது. அது ஆன்டிபயாடிக் கிடையாது, அழற்சியைத் தூண்டும் சிக்னலை மட்டும் தடுக்கிறது. அதைப் போட்டுக்கொண்டவர்களின் தோலிலும் ஆரியஸ் குறைகிறது. அதாவது அழற்சி அடங்கினால் பாக்டீரியா தானாகவே பின்வாங்கக்கூடும். பாக்டீரியாவை மாற்றினால் அழற்சி அடங்கும் என்பது இதற்கு எதிர்த் திசை. அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சொரியாசிஸ் விஷயம் வேறு. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்த சில வாரங்களில் உடம்பெங்கும் சிறு புள்ளிகளாகச் சொரியாசிஸ் கிளம்புவது நன்றாகத் தெரிந்த ஒன்று. அதைத் தாண்டி, எக்சிமாவில் ஆரியஸைச் சொல்வது போல ஒரே குற்றவாளியை அங்கே கை காட்ட முடியாது.

ப்ரோபயாடிக், போஸ்ட்பயாடிக், லைசேட்: எல்லாம் ஒன்றா?

இல்லை. போதுமான அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்தான் ப்ரோபயாடிக். உயிர் போய்விட்ட நுண்ணுயிரையோ அதன் உடற்பகுதிகளையோ கொண்ட, நன்மை செய்யும் தயாரிப்பு போஸ்ட்பயாடிக். இந்த வரையறை 2021இல்தான் முறையாக வந்தது. பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாறு லைசேட். பாக்டீரியா சுரக்கும் ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்தால், அல்லது ஆலையில் செய்தால், அது சாதாரண மருந்து. அதற்கு இந்தப் பெயர்கள் எதுவும் தேவைப்படாது.

கடையில் கிடைக்கும் 'ப்ரோபயாடிக் கிரீம்'களில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது, இருக்கவும் முடியாது. தண்ணீர் கலந்த கிரீமில் கிருமி வளராமல் இருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்க்கிறார்கள். கெட்டது எது, நல்லது எது என்று அதற்குப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் கொல்லும். ஒரு கிராம் அழகுசாதனப் பொருளில் 1000 உயிருள்ள நுண்ணுயிர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான பொருள்களில் 100தான். கேப்ஸ்யூல்களிலோ கோடிக்கணக்கில் போடுகிறார்கள். வித்தியாசம் புரிகிறதல்லவா?

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பாக்டீரியாவின் பெயருக்குப் பக்கத்தில் லைசேட் என்றோ, ஃபெர்மென்ட் என்றோ, ஃபில்ட்ரேட் என்றோ போட்டிருக்கும். அதனாலேயே அது ஏமாற்று வேலை ஆகிவிடாது. விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் லைசேட்டை 5 சதவீதம் சேர்த்த கிரீமை 75 எக்சிமா நோயாளிகளிடம், வெறும் கிரீமோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவுப்படி ஒரு மாதத்தில் நோயின் தீவிரமும் அரிப்பும் வெறும் கிரீமைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆய்வுக்குப் பின்னால் ஓர் அழகுசாதன நிறுவனம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். என்னைக் கேட்டால், லைசேட் சேர்த்த நல்ல மாய்ஸ்சரைசர் ஒரு நல்ல மாய்ஸ்சரைசர். அதற்கு மேல் எதிர்பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் இஷ்டம்.

உயிருள்ள பாக்டீரியாவை நேரடியாகத் தோலில் வைத்த சோதனைகள் என்ன ஆயின?

இந்தத் துறையை மொத்தமாகப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கதை போதும்: ரோசியோமோனாஸ் மியூகோசா.

ஆரோக்கியமானவர்களின் தோலில் இயல்பாக இருக்கும் பாக்டீரியா இது. இதைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து எக்சிமா உள்ள இடங்களில் ஸ்ப்ரே செய்து பார்த்தார் அமெரிக்க ஆய்வாளர் இயன் மைல்ஸ். 2018இல் முதல் முடிவுகள் வந்தன. 2020இல் 3 முதல் 16 வயது வரையிலான 20 குழந்தைகளின் முடிவு வந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த ஒரு மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். 20 பேரில் 17 பேருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஒரு நிறுவனம் இதை மருந்தாக்கக் கையில் எடுத்தது.

2021 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் சோதனை முடிவு வெளியானது. 124 பேர். ஒரு பாதிக்கு உண்மையான பாக்டீரியா, மறு பாதிக்கு அது இல்லாத கரைசல். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நோய் பாதியாகக் குறைந்தவர்கள் பாக்டீரியா குழுவில் 58 சதவீதம். வெறும் கரைசல் குழுவில் 60 சதவீதம்.

அந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். பாக்டீரியா குழுவில் 58 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது பொய்யில்லை. ஆனால் பாக்டீரியா இல்லாமலேயே அதே அளவு குணம் தெரிந்திருக்கிறது. எக்சிமா தானாக ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும்போதுதான் பலர் சோதனைக்கு வருவார்கள், அதனால் அடுத்த சில வாரங்களில் இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். சோதனையில் இருக்கிறோம் என்பதால் ஒழுங்காக மாய்ஸ்சரைசர் போடுவார்கள், சொறிவதைக் குறைப்பார்கள். 2020 ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எல்லோருக்கும் பாக்டீரியா கொடுக்கப்பட்டது, எல்லோருக்கும் அது தெரியும். 'எனக்குக் கேட்டது' என்று ஒருவர் மனதாரச் சொல்வதையும் மருந்து வேலை செய்வதையும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பிரிக்க முடியாது.

பிறகு அதே வகை பாக்டீரியா, மருந்துச் சீட்டு தேவைப்படாத தயாரிப்பாக 2024இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது மருந்தாக அனுமதி பெற்று வந்ததல்ல, அதனால் மருந்துக்கான நிரூபணமும் கேட்கப்படவில்லை.

எல்லாமே அப்படித்தான் முடிந்தனவா?

இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் ஏ9 கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. சான் டியாகோவில் ரிச்சர்ட் கேலோ குழுவினர் கண்டது இது: ஆரோக்கியமான தோலில் இருக்கும் சில ஸ்டஃபைலோகாக்கஸ் ரகங்கள் ஆரியஸைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன, எக்சிமா நோயாளிகளின் தோலில் அப்படிப்பட்ட ரகங்கள் குறைவு. ஏ9 ரகத்தை 54 பேரிடம் ஒரு வாரம், தினம் இரண்டு வேளை, ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்தார்கள். 2021இல் முடிவு. ஆரியஸ் குறைந்தது, பாதுகாப்பு விஷயத்தில் கவலை எழவில்லை. இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம்: அந்தந்த நோயாளியின் தோலில் இருந்த ஆரியஸை ஏ9 நேரடியாகக் கொல்ல முடிந்தவர்களிடம்தான் நோயும் குறைவதாகத் தெரிந்தது. அவரவர் தோலில் இருக்கும் எதிரியைப் பார்த்துத்தான் ஆளை அனுப்ப வேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஒரு வாரச் சோதனையை வைத்துக்கொண்டு மருந்து வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

நைட்ரோசோமோனாஸ் யூட்ரோஃபா என்ற இன்னொரு பாக்டீரியா ஸ்ப்ரேயை 547 பேரிடம் சோதித்தார்கள். அரிப்பு, பாக்டீரியா இல்லாத ஸ்ப்ரேயைவிடக் கூடுதலாகக் குறைந்தது. கூடுதல் என்றாலும், அரிப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று போடும் கணக்கில் வித்தியாசம் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

அப்படியானால் பாக்டீரியாவிலிருந்து உருப்படியாக வந்த மருந்து எது?

டாபினரோஃப். இதன் பிறப்புக் கதை விசித்திரமானது. மண்ணில் வாழும் ஒரு நுண்புழு பூச்சிகளின் லார்வாவுக்குள் நுழைகிறது. தன் குடலில் சுமந்துவந்த ஃபோட்டோராப்டஸ் லூமினெசென்ஸ் என்ற பாக்டீரியாவை உள்ளே விடுகிறது. ஓரிரு நாளில் லார்வா செத்துவிடும், இருட்டில் மங்கலாக ஒளிரக்கூடச் செய்யும். ஆனால் அழுகாது. அந்தப் பாக்டீரியா சுரக்கும், ஸ்டில்பீன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு மற்ற நுண்ணுயிர்களை அண்டவிடாது. கனடாவில் இந்தப் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் இந்த மூலக்கூறுக்கு அழற்சியை அடக்கும் குணமும் இருப்பதைக் கவனித்தார்கள்.

இன்று அது ஆலையில் தயாராகும் 1 சதவீதக் கிரீம். சீனாவில் 2019இலும், அமெரிக்காவில் 2022 மே மாதத்திலும் சொரியாசிஸுக்கு அனுமதி கிடைத்தது. 2024 டிசம்பரில் 2 வயதுக்கு மேற்பட்டவர்களின் எக்சிமாவுக்கும் அமெரிக்கா அனுமதித்தது. சொரியாசிஸ் சோதனைகள் இரண்டிலும், 12 வாரத்தில் தோல் கிட்டத்தட்டத் தெளிந்தவர்கள் மருந்துக் குழுவில் 35 முதல் 40 சதவீதம், வெறும் கிரீம் குழுவில் 6 சதவீதம். 58-க்கு 60 என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முழுதாகத் தெளிந்தவர்கள் கிரீமை நிறுத்திய பிறகும் பல வாரங்கள் தாக்குப்பிடித்தார்கள். பக்க விளைவாக மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்கள் வரலாம். சிலருக்கு எரிச்சல், தலைவலி.

இது வேலை செய்யும் வழியும் சுவையானது. தோல் செல்லுக்குள் இருக்கும் ஏரில் ஹைட்ரோகார்பன் ரிசெப்டர் என்ற வாங்கியில் போய் ஒட்டுகிறது. உடனே அழற்சி சிக்னல்கள் குறைகின்றன, ஃபிலாக்ரின் உற்பத்தி கூடுகிறது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தோல் மருத்துவர்கள் பூசிவந்த கரித்தாரும் இதே வாங்கி வழியாகத்தான் வேலை செய்கிறது என்று 2013இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். நாற்றம் பிடித்த பழைய கறுப்புக் களிம்பும் புழுவின் குடலில் இருந்து வந்த மூலக்கூறும் ஒரே கதவைத் தட்டுகின்றன.

இதற்கு ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். ஃபோட்டோராப்டஸ் ப்ரோபயாடிக் அல்ல, அதை யாரும் விழுங்கப்போவதில்லை. இங்கே மருந்து அந்த மூலக்கூறுதான், பாக்டீரியா இல்லை.

கேப்ஸ்யூல் விழுங்கினால் எக்சிமா குறையுமா?

பெரும்பாலானவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையாது. 39 சோதனைகளில் பங்கேற்ற 2599 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 அறிக்கை (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), இப்போதைய ப்ரோபயாடிக்குகளால் அரிப்பு, தூக்கமின்மை போன்ற தொந்தரவுகளில் பெரிதாக வித்தியாசம் இராது என்றுதான் சொன்னது.

நடுநடுவே நல்ல முடிவுகளும் உண்டு. அதே 2018இல் ஸ்பெயினில் மூன்று ரகங்கள் கலந்த கேப்ஸ்யூலை 50 சிறுவர்களிடம் சோதித்தபோது நோயின் மதிப்பெண் நன்றாகவே இறங்கியது. ஸ்டீராய்டு கிரீமின் தேவையும் குறைந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு மூன்று ரகக் கலவை, 90 சொரியாசிஸ் நோயாளிகள். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து எடுத்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு நோய் முக்கால்வாசி குறைந்தது, வெற்றுக் கேப்ஸ்யூல் எடுத்தவர்களில் 42 சதவீதம். கவனிக்க வேண்டிய எண்கள்தான். வேறு குழுக்கள் பெரிய அளவில் செய்து அதே முடிவைக் காட்டும் வரை நான் இவற்றை நம்பிக்கை என்ற கணக்கில் வைப்பேன், நிரூபணம் என்ற கணக்கில் அல்ல.

இப்படி எச்சரிக்கையாக இருக்கக் காரணம் உண்டு. பிரிவோடெல்லா ஹிஸ்டிகோலா என்ற குடல் பாக்டீரியாவை மருந்தாக்க முயன்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் சொரியாசிஸில் நல்ல முடிவு காட்டியது. 2023இல் எக்சிமா சோதனையில் வெற்று மருந்தைத் தாண்ட முடியவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் நிறுவனத்தை மூடும் முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

கர்ப்பத்தில் எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு எக்சிமா வராமல் தடுக்கலாமா?

இந்த ஆசையை விதைத்தது 2001இல் வந்த பின்லாந்து ஆய்வு. குடும்பத்தில் அலர்ஜி உள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்கு முன்பும், பிறகு ஆறு மாதமும் லாக்டோபாசிலஸ் ஜிஜி கொடுத்தார்கள். இரண்டு வயதில் எக்சிமா இருந்த குழந்தைகள் 23 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 46 சதவீதம். பாதிக்குப் பாதி! 2008இல் ஜெர்மனியில் அதே பாக்டீரியாவை வைத்து மறுபடி செய்தார்கள்: பாக்டீரியா குழுவில் 28 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 27. ஒன்றுமே இல்லை.

மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த உலக அலர்ஜி அமைப்பு 2015இல், அலர்ஜி ஆபத்து அதிகமுள்ள குடும்பங்களில் கர்ப்பிணிகள் எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்று அதே மூச்சில் சொன்னது. எடுப்பதானால் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். எடுக்கவில்லையே என்று பிறகு வருந்த ஒரு காரணமும் இல்லை.

பாட்டிலில் அதே பாக்டீரியா பெயர் இருந்தால் அதே பலன்தானே?

இல்லை. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் முக்கியம். ஒரே இனத்துக்குள் ஒரு ரகம் ஆரியஸைக் கொல்லும், பக்கத்து ரகம் கொல்லாது. ரக எண் போடாத பாட்டிலை எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. இன்னொரு குழப்பம்: லாக்டோபாசிலஸ் குடும்பத்தை 2020இல் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் பழைய லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபாசிலஸ் ராம்னோசஸ். ஆள் அதே ஆள்தான், 'புதிய கண்டுபிடிப்பு' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

பக்க விளைவு உண்டா?

ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் வயிறு உப்புசத்தோடு போய்விடும். ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள், ரத்தக்குழாயில் நிரந்தரக் குழாய் உள்ளவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு உயிருள்ள பாக்டீரியா ஆபத்தாகலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று வந்து உயிர்போகும் அபாயம் பற்றி 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சொரியாசிஸுக்கோ எக்சிமாவுக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

ஸ்டீராய்டு கிரீமை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?

கூடாது. மேலே சொன்ன கேப்ஸ்யூல் ஆய்வுகளில்கூட வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

முகப்பரு, பொடுகு போன்றவற்றுக்கு?

பொடுகோடு வரும் செபோரிக் டெர்மடைட்டிஸுக்கு விட்ரியோசில்லா லைசேட்டில் ஒரு சிறிய ஆய்வு சாதகமாக வந்திருக்கிறது. முகப்பருவுக்கு இதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்துகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவற்றை முதலில் பாருங்கள்.

சரி, தெரிந்தே முயன்று பார்க்க ஆசை. எப்படிச் செய்வது?

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேப்ஸ்யூல், புது சோப்பு, புது கிரீம் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கேட்டது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. கிரீமாக இருந்தால் ஒரு முழங்கையில் அதையும் மறு முழங்கையில் வழக்கமான மாய்ஸ்சரைசரையும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு நோய் இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். அரிப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று இரவில் எழுதிவையுங்கள். கேப்ஸ்யூலுக்கு 12 வாரம் கொடுங்கள், ஆய்வுகளிலும் அவ்வளவுதான் கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால் அடுத்த பாட்டில் வாங்காதீர்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது ஆரம்பிக்காமல் ஓரளவு நிலையாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் தானாக இறங்குவதை எல்லாம் பாட்டிலின் கணக்கில் எழுதிவிடுவோம்.

எப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

தடிப்பில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், சீழ் வடிந்தால், சுற்றிலும் சூடாகிச் சிவப்பு பரவினால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், பல நேரம் ஆரியஸ்தான். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், எந்த ப்ரோபயாடிக்கும் போதாது. எக்சிமா உள்ள இடத்தில் ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து, குத்தி எடுத்தது போலக் குழி விழுந்து, கூடவே வலியும் காய்ச்சலும் இருந்தால் ஹெர்பெஸ் வைரஸ் பரவியிருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அவசரப் பிரிவுக்கு. சொரியாசிஸ் உள்ளவருக்கு உடல் முழுக்கத் தோல் சிவந்து உரிந்து குளிர் நடுக்கம் எடுத்தாலும் அப்படித்தான்.